தாமே அணிவகுக்கும் மூலக்கூறுகள்: திரவப் படிகப் பாலிமர்களும் கரிம மின்னணுவியலும்

கணக்கிடும் கருவி, கைக்கடிகாரம், கணிப்பொறி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றின் முகப்பில் எண்ணும் எழுத்தும் உருவமும் தோன்றுவதற்குப் பெரும்பாலும் துணைபுரிவது திரவப் படிகம் என்னும் பொருளாகும். நெகிழித் தாள், பை, குழாய், இழை என அன்றாட வாழ்வின் எல்லா இடங்களிலும் காணப்படுவது பாலிமர் என்னும் பலபடிச் சேர்மம் ஆகும். நெடுங்காலம் இவ்விரண்டும் தொடர்பற்ற இரு துறைகளாகவே கருதப்பட்டு வந்தன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இவை ஒன்றையொன்று நெருங்கி, கரிம மின்னணுவியல் என்னும் புதிய தொழில்நுட்பத்திற்கு வழி வகுத்துள்ளன.

சிலிக்கனுக்கு மாற்றாகவோ துணையாகவோ கரிமச் சேர்மங்களைக் கொண்டு டிரான்சிஸ்டர்களையும் ஒளிரும் திரைகளையும் சூரிய மின்கலங்களையும் செய்வதே இத்தொழில்நுட்பத்தின் நோக்கம். இதில் இந்தியாவுக்குத் தனிப்பட்ட ஒரு தொடர்பு உண்டு. இத்துறைக்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுள் ஒன்று 1977-ஆம் ஆண்டில் பெங்களூருவில் நிகழ்ந்தது. அதன் முதற்பெரும் தொழிற்பயன் விளைந்த இடமோ ஜப்பான். இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, அடுத்த கட்டத்தில் அதை எவ்வாறு குறைக்கலாம் என்பன அறிவியல் மாணவர்க்கு மட்டுமன்றி, திட்டமிடுவோர்க்கும் நிருவாகிகளுக்கும் உரிய வினாக்களாகும்.

திரவமும் படிகமும்

திண்மப் பொருளாகிய படிகத்தில் மூலக்கூறுகள் இடத்திலும் திசையிலும் ஒழுங்குற்று நிற்கின்றன. திரவத்தில் இவ்விரு ஒழுங்குகளும் இல்லை. காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும் பள்ளி மாணவர்களைப் படிகத்துக்கும், சந்தைக் கூட்டத்தைத் திரவத்துக்கும் ஒப்பிடலாம். இவற்றுக்கு இடைப்பட்ட நிலையும் உண்டு. திருவிழாவில் தேருக்குப் பின்னே செல்லும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இடம் மாறிக்கொண்டே இருப்பினும், அனைவரின் முகமும் ஒரே திசையை நோக்கியே இருக்கும். மூலக்கூறுகள் இவ்வாறு பாய்ந்தோடும் இயல்பை இழக்காமல் திசை ஒழுங்கை மட்டும் காத்து நிற்கும் நிலையே திரவப் படிக நிலை எனப்படும்.

1888-ஆம் ஆண்டில் பிராக் நகரில் பணியாற்றிய தாவரவியலறிஞர் பிரீட்ரிக் ரெய்னிட்சர், கொலஸ்டெரில் பென்சோயேட் என்னும் சேர்மத்துக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டார். 145.5 டிகிரி சென்டிகிரேடில் அது கலங்கலான நீர்மமாக உருகியது, 178.5 டிகிரியில் தெளிந்த நீர்மமாக மாறியது. இயற்பியலறிஞர் ஓட்டோ லேமன் அந்தக் கலங்கல் நீர்மத்தை நுண்நோக்கியில் தளவிளைவுற்ற ஒளியின் துணைகொண்டு ஆராய்ந்து, அது படிகத்தின் ஒளியியல் பண்புகளைக் கொண்டிருப்பதை நிறுவினார். திரவப் படிகம் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது அவரது ஆய்வுகளின் பயனாகவே.

இந்த ஒழுங்கு வெளியிலிருந்து புகுத்தப்படுவதன்று என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மூலக்கூற்றின் வடிவமும், அண்டை மூலக்கூறுகளுக்கிடையே உள்ள மெல்லிய கவர்ச்சி விசைகளும், வெப்பநிலையும் பொருந்தி வரும்போது மூலக்கூறுகள் தாமாகவே அணிவகுக்கின்றன. இதுவே தன்னொழுங்கமைவு எனப்படுகிறது. மூலக்கூற்றை ஒருமுறை தக்கவாறு வடிவமைத்துவிட்டால், அதன் பின்னர் அடுக்கும் வேலையை இயற்கையே செய்து முடிக்கும். உற்பத்திச் செலவைக் கருதுவோர்க்கு இதன் முக்கியத்துவம் எளிதில் புலப்படும்.

தண்டுகளும் தட்டுகளும்

தொடக்கத்தில் அறியப்பட்டிருந்த திரவப் படிகங்கள் யாவும் நீண்ட தண்டு வடிவ மூலக்கூறுகளால் ஆனவை. தண்டு வடிவம் இன்றியமையாதது என்றே பலரும் எண்ணியிருந்தனர். இக்கருத்தை மாற்றியது பெங்களூருவிலுள்ள இராமன் ஆராய்ச்சிக் கழகம். சர் சி. வி. இராமன் 1948-ஆம் ஆண்டில் தோற்றுவித்த இக்கழகத்தில், அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1971-இல், பேராசிரியர் எஸ். சந்திரசேகர் திரவப் படிக ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1973-ஆம் ஆண்டு டிசம்பரில் இத்துறைக்கான பன்னாட்டு மாநாடு ஒன்றும் பெங்களூருவில் நடைபெற்றது.

1977-ஆம் ஆண்டில் சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய மூவரும் 'பிரமாணா' என்னும் இந்திய இயற்பியல் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு கரிமச் சங்கிலிகளை இணைத்து அவர்கள் தட்டு வடிவ மூலக்கூறுகளை உருவாக்கியிருந்தனர். அவற்றுள் ஒன்று 80 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலே, சில டிகிரி வரம்புக்குள், திரவப் படிக நிலையை அடைந்தது. எக்ஸ்-கதிர் ஆய்வு அதன் உள்ளமைப்பைக் காட்டிற்று. தட்டுகள் காசுகளை அடுக்கி வைத்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து தூண்களாக நின்றன. தூண்கள் அறுகோண ஒழுங்கில் அணிவகுத்திருந்தன. தட்டுத் திரவப் படிகங்கள் என்னும் புதிய இனம் இவ்வாறு உலகுக்கு அறிமுகமாயிற்று. இன்று இவ்வினத்தைச் சேர்ந்த சேர்மங்கள் ஆயிரக்கணக்கில் உருவாக்கப்பட்டுள்ளன.

இத்தூண் அமைப்பு மின்னணுவியலுக்குப் பொருத்தமானது. தட்டின் நடுப்பகுதி பென்சீன் போன்ற வளையங்களால் ஆனது. அவ்வளையங்களின் எலெக்ட்ரான்கள் தட்டின் இருபுறமும் பரவி நிற்கின்றன. டிரைபினிலீன் போன்ற சேர்மங்களில் அடுத்தடுத்த தட்டுகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 0.35 நானோமீட்டர் மட்டுமே. எனவே மின்னூட்டம் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குத் தாவிச் செல்ல இயலும். தட்டைச் சுற்றியுள்ள சங்கிலிகளோ மின்கடத்தாப் பொருள்கள். ஆகவே ஒவ்வொரு தூணும் உறையிட்ட மின்கம்பியை ஒத்திருக்கிறது. தூணின் திசையில் உள்ள கடத்துதிறன் குறுக்குத் திசையில் உள்ளதைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு அளவில் மிகுதியாக இருப்பது 1980-களில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில் அறியப்பட்டது. 1994-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இத்தகைய தூண்களில் மின்னூட்டத்தின் இயக்கத்திறன் வோல்ட்-வினாடிக்கு 0.1 சதுர சென்டிமீட்டர் வரை எட்டுவதைக் காட்டினர். ஒழுங்கற்ற கரிமப் பொருள்களில் அந்நாளில் காணப்பட்ட அளவுகளோடு ஒப்பிடுகையில் இது மிக உயர்ந்த அளவாகும்.

பாலிமரும் மின்கடத்தலும்

பெங்களூருவில் தட்டுத் திரவப் படிகங்கள் அறியப்பட்ட அதே 1977-ஆம் ஆண்டில் மற்றொரு பெருங்கண்டுபிடிப்பும் வெளியாயிற்று. அமெரிக்காவின் ஆலன் ஹீகர், ஆலன் மக்டயார்மிட், ஜப்பானின் ஹிடேகி ஷிரகாவா ஆகியோர், பாலிஅசிட்டிலீன் என்னும் பாலிமரை அயோடின் ஆவியில் வைத்தபோது அதன் மின்கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்ந்ததை அறிவித்தனர். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிக் கண்ணிகளைப் போல இணைந்து உருவாகும் நீண்ட மூலக்கூறாகும். பொதுவாகப் பாலிமர்கள் மின்கடத்தாப் பொருள்கள். மின்கம்பிகளின் உறையாகப் பயன்படுவதும் அதனாலேயே. எனினும் சங்கிலியின் கார்பன் அணுக்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமையுமாயின், எலெக்ட்ரான்கள் ஓரணுவோடு கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி நெடுகப் பரவுகின்றன. அத்தகைய பாலிமர் குறைக்கடத்தியாகச் செயற்படும். 1990-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வகைப் பாலிமர் ஒன்றின் மெல்லிய படலத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி பெற்றனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1987-இல், அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சி. டபிள்யூ. டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு ஒளிரும் கரிம டயோடை உருவாக்கியிருந்தனர். இன்றைய செல்பேசிகளின் ஒளிர்திரைகள் இவ்வழியில் வந்தவையே.

பாலிமர் குறைக்கடத்திகளின் குறை ஒழுங்கின்மையாகும். கரைசலிலிருந்து பெறப்படும் படலத்தில் சங்கிலிகள் சிக்கலுற்ற நூல்கண்டைப் போல் கிடக்கின்றன. சங்கிலி வளையும் இடத்திலும் முறுக்குறும் இடத்திலும் ஒரு சங்கிலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டிய இடத்திலும் மின்னூட்டம் தடைப்படுகிறது. இந்நூல்கண்டின் சிக்கலை அவிழ்த்து, தறியில் பாவு ஓட்டியதுபோல் சங்கிலிகளை ஒரே திசையில் நிறுத்துவதற்கு எளிய வழி வேண்டும். அவ்வழியைத் திரவப் படிக நிலை காட்டிற்று.

ஒழுங்கின் பயன்

பாலிமரும் திரவப் படிகமும் ஒன்றாவது பல முறைகளில் நிகழலாம். அவற்றுள் மூன்று இங்குக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, சங்கிலியே விறைப்பான தண்டாக அமைந்து திரவப் படிகமாவது. 1965-ஆம் ஆண்டில் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலறிஞர் ஸ்டெஃபனி குவோலெக் கண்ட பாலிமர் கரைசல் இவ்வகையைச் சேர்ந்தது. எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த கெவ்லார் இழை அவ்வாய்வின் வழியே பிறந்தது. இரண்டாவது, வளையும் சங்கிலியின் பக்கவாட்டில் திரவப் படிகத் துண்டுகளைத் தொங்கவிடுவது. சங்கிலிக்கும் துண்டுக்கும் இடையே நெகிழ்வான இணைப்பு ஒன்றை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தடை செய்யாமல் இயங்கும் என்பதை 1978-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினர். மூன்றாவது, சிறு திரவப் படிக மூலக்கூறுகளை முதலில் அணிவகுக்கச் செய்து, பின்னர் புற ஊதா ஒளியால் அவற்றைப் பாலிமராகப் பிணைத்து அவ்வொழுங்கை நிலைநிறுத்துவது.

மின்னணுவியலுக்குரிய பாலிமர்களில் இவ்வறிவு நேரடிப் பயன் அளித்தது. 2000-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில், ஃபுளோரீன், தயோஃபீன் ஆகிய அலகுகளைக் கொண்ட பாலிமர் ஒன்றைத் துணியால் ஒரே திசையில் தேய்க்கப்பட்ட பரப்பின்மீது படியச் செய்து, திரவப் படிக நிலைக்குச் சூடேற்றிப் பின் விரைந்து குளிர்வித்தனர். சங்கிலிகள் தேய்த்த திசையில் அணிவகுத்தன. அத்திசையில் செய்யப்பட்ட டிரான்சிஸ்டர்கள் குறுக்குத் திசையில் செய்யப்பட்டவற்றைவிடப் பல மடங்கு நன்றாக இயங்கின. 2006-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தயினோதயோஃபீன் பாலிமர்கள் அடுத்த படியாகும். அவற்றைத் திரவப் படிக நிலையில் பதப்படுத்தியபோது, ஏறத்தாழ 200 நானோமீட்டர் அளவுள்ள ஒழுங்குற்ற பகுதிகள் படலத்தில் உருவாயின. நைட்ரஜன் சூழலில் இயக்கத்திறன் வோல்ட்-வினாடிக்கு 0.2 முதல் 0.6 சதுர சென்டிமீட்டர் வரை எட்டியது. திரைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் படிகமற்ற சிலிக்கனின் இயக்கத்திறன் ஒன்றை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருப்பதை நினைத்தால், இம்முன்னேற்றத்தின் அளவு விளங்கும்.

படிகச் சிலிக்கனின் இயக்கத்திறனோ ஆயிரத்துக்கும் மேற்பட்டது. ஆகவே, கணிப்பொறியின் மூளையாகிய நுண்சில்லுக்குக் கரிமப் பொருள்கள் போட்டியாக மாட்டா. வேகத்தினும் பரப்பும் நெகிழ்வும் குறைந்த வெப்பநிலையும் முக்கியமாகும் இடங்களே அவற்றுக்கு உரிய களம். சுருட்டக்கூடிய திரை, தோலில் ஒட்டும் மருத்துவ உணரி, பொருள்களின் உறைமீது அச்சிடப்படும் அடையாள வில்லை, கட்டடக் கண்ணாடியில் பதிக்கும் சூரிய மின்கலம் முதலியன இவ்வகையின.

பொருளாதார நோக்கு

சிலிக்கன் 1,414 டிகிரி சென்டிகிரேடில் உருகுவது. அதனைத் தூய்மைப்படுத்தி ஒற்றைப் படிகமாக வளர்த்துச் சில்லுகளாக்குவதற்கு உயர் வெப்பமும், வெற்றிடமும், தூசியற்ற பெருங்கூடங்களும் தேவை. குஜராத்தின் தொலேராவில் அமையவுள்ள சில்லு ஆலைக்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, அதன் முதலீடு 91,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. கரிமப் பாலிமர்களைப் பொறுத்தவரை, அவற்றைக் கரைப்பானில் கரைத்து மையாக்கி, 200 டிகிரிக்கும் குறைந்த வெப்பநிலையில் நெகிழித் தாளின்மீது அச்சிட இயலும். எனவே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக விரிவடையும் தொழிலமைப்புக்கு இது இடமளிக்கிறது. மூலதனம் அரிதாகவும் பயிற்சி பெற்ற வேதியியலாளர் மிகுதியாகவும் உள்ள நாட்டுக்கு இது கருதத்தக்க செய்தியாகும்.

இவ்வாதத்தை அளவு மீறிக் கொள்வதும் தவறாகும். முதலாவதாக, கரிமக் குறைக்கடத்திகள் பல காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் ஈரத்தாலும் சிதைவுறுகின்றன. அவற்றைக் காக்கும் உறையின் செலவு, மூலப்பொருளின் செலவை மிஞ்சிவிடக்கூடும். இரண்டாவதாக, பாலிமர்ச் சங்கிலியின் நீளம் ஒவ்வொரு தயாரிப்பிலும் சற்று மாறும். அதற்கேற்பக் கருவியின் பண்பும் மாறும். மூன்றாவதாக, பழைய தொழில்நுட்பமும் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. சிலிக்கன் சூரியத் தகடுகளின் விலை இடைவிடாமல் வீழ்ந்து வந்துள்ளது. 1986-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு திறனுடன் தொடங்கிய கரிமச் சூரிய மின்கலங்கள், ஆய்வுக்கூடத்தில் இன்று 19 விழுக்காட்டைக் கடந்துள்ளன. இருப்பினும் சந்தையில் அவற்றின் பங்கு மிகச் சிறிதே. ஒளிர்திரைகளிலும், அச்சிடப்படும் பாலிமர்களைக் காட்டிலும் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் சிறு மூலக்கூறுகளே இதுவரை மேலோங்கியுள்ளன. ஆய்வுக்கூட வெற்றியை மட்டும் கொண்டு முதலீட்டை முடிவு செய்வது பொருந்தாது என்பதற்கு இவை சான்றுகள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு

அறிவியல் கண்டுபிடிப்பு தொழிலாக மாறும் வழியை அறிய இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கலாம்.

1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் திரவப் படிகத் திரையை உலகுக்குக் காட்டியது. ஆயினும் அந்நாளில் கிடைத்த திரவப் படிகங்கள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் விரைவில் கெட்டன. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் ஹல் பல்கலைக்கழகத்தின் வேதியியலறிஞர் ஜார்ஜ் கிரேயிடம் நிலையான பொருளைக் கண்டறியும் பணியை ஒப்படைத்தது. அவர் குழு 1970-களின் தொடக்கத்தில் சயனோபைபினைல் சேர்மங்களை உருவாக்கியது. மால்வெர்னிலிருந்த அரசு ஆய்வுக்கூடம் அவற்றைக் கருவிகளில் சோதித்துத் தக்க கலவைகளை வகுத்தது. பி.டி.எச். என்னும் இரசாயன நிறுவனம் அவற்றைத் தயாரித்து விற்றது. பல்கலைக்கழகம், அரசு ஆய்வுக்கூடம், தொழிற்சாலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே குறிக்கோளுக்காக இயங்கியதால், கண்டுபிடிப்புக்கும் விற்பனைக்கும் இடையே சில ஆண்டுகளே கழிந்தன. எனினும் அப்பொருளைக் கொண்டு திரைகளைச் செய்யும் பெருந்தொழில் பிரிட்டனில் வேரூன்றவில்லை; ஜப்பானிலேயே வளர்ந்தது. மூலப்பொருளைக் கொண்டிருப்பது மட்டும் போதாது என்னும் பாடத்தைப் பிரிட்டனும் கற்க நேர்ந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி தட்டுத் திரவப் படிகங்களைப் பற்றியது. பழைய திரவப் படிகத் திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உருவம் மங்கும். சில வேளைகளில் ஒளியும் நிழலும் இடம் மாறித் தோன்றும். திரையினுள்ளே உள்ள தண்டு மூலக்கூறுகள் சாய்ந்து நிற்பதே இதன் காரணம். தட்டு மூலக்கூறுகளின் ஒளியியல் பண்பு தண்டுகளின் பண்புக்கு எதிரானது. ஆகவே தட்டுகளைத் தக்க கோணத்தில் சாய்த்து அடுக்கிய படலம் ஒன்றைத் திரையின்மேல் பொருத்தினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் டிரைபினிலீன் தட்டுகளின் முனைகளில் பாலிமராகக்கூடிய தொகுதிகளை இணைத்து, அவற்றை நெகிழித் தாளில் பூசி, தாமே அணிவகுக்கச் செய்து, புற ஊதா ஒளியால் பிணைத்தது. 1990-களின் நடுவில் விற்பனைக்கு வந்த இப்படலம், கணிப்பொறித் திரைகள் உலகெங்கும் பரவிய காலத்தில் அவற்றின் முக்கிய உறுப்பாகப் பயன்பட்டது. தட்டுத் திரவப் படிகத்தின் முதற்பெரும் வணிகப் பயன் இதுவே.

பெங்களூருவில் அறிவியலுக்குக் குறைவிருந்ததில்லை. சந்திரசேகர் 1990-ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டுத் திரவப் படிகச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1998-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்றார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1991-இல் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சி மையத்தையும் அவர் தொடங்கினார். இருந்தும் அந்த அறிவைப் பெற்றுக்கொள்ள அண்மையில் ஒரு தொழில் இருக்கவில்லை. ஃபியூஜி நிறுவனம் புகைப்படச் சுருள் தயாரிப்பில் பல்லாண்டு பழகியது. நெகிழித் தாளில் மிக மெல்லிய படலங்களைச் சீராகப் பூசும் திறன் அதனிடம் முன்பே இருந்தது. பக்கத்திலேயே திரை ஆலைகள் வாங்கக் காத்திருந்தன. கண்டுபிடிப்பு ஒரு விதை எனின், பூச்சுத் தொழிலறிவு நிலமாகவும் சந்தை நீராகவும் அங்கு அமைந்தன.

சட்டச் சூழலையும் நினைவுகூர வேண்டும். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, இரசாயன முறைகளால் பெறப்படும் பொருள்களுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு. இப்பிரிவில் குறைக்கடத்திகளும் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டிருந்தன. மருந்துகள் எளிய விலையில் கிடைப்பதற்கு அச்சட்டம் பெரிதும் உதவியது. அதே வேளையில் புதிய பொருளுக்கு உரிமை கோரும் பழக்கம் ஆய்வுக்கூடங்களில் வளர அது இடமளிக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் திருத்தத்தால் இப்பிரிவு நீக்கப்பட்டது. இன்று புதிய மூலக்கூற்றைப் படைப்பவர், கட்டுரை வெளியிடுவதற்கு முன்னரே காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது இன்றியமையாதது. வெளியான பின்னர் புதுமை என்னும் தகுதி பெரும்பாலும் இழக்கப்படுகிறது.

இந்தியாவின் வாய்ப்பு

இத்துறையில் இந்தியாவுக்குள்ள வலிமை கரிம வேதியியல் தொழிலாகும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தாலோசயனின். அச்சு மைக்கும் வண்ணப்பூச்சுக்கும் நீலநிறம் தரும் செம்புத் தாலோசயனின் நிறமியைப் பெருமளவில் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இந்தியா ஒன்று. அந்த மூலக்கூறு தட்டு வடிவமானது, குறைக்கடத்தியும் ஆகும். 1986-ஆம் ஆண்டின் கரிமச் சூரிய மின்கலத்தில் பயன்பட்ட இரு படலங்களுள் ஒன்று செம்புத் தாலோசயனினே. தாலோசயனின் வளையத்தின் விளிம்பில் சங்கிலிகளை இணைத்தால் அது தட்டுத் திரவப் படிகமாவதை 1982-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். நிறமியாகக் கிலோக்கணக்கில் விற்கப்படும் பொருள், தூய்மையும் வடிவமும் மாறியவுடன் கிராம் கணக்கில் விலைபேசப்படும் மின்னணுப் பொருளாகிறது. மதிப்புக் கூட்டல் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் காண்பது அரிது.

அந்த மாற்றம் எளிதன்று. நிறமிக்கு வேண்டிய தூய்மை வேறு, மின்னணுவியலுக்கு வேண்டிய தூய்மை வேறு. கண்ணுக்குப் புலப்படாத சிறு அளவு உலோகத் துகளோ வினை முடியாத எச்சமோ மின்னூட்டத்தைச் சிறைப்படுத்திக் கருவியைப் பழுதாக்கும். தூய்மையாக்கல், தூய்மையை அளத்தல், ஒவ்வொரு தயாரிப்பும் முந்தையதைப் போன்றே இருக்கச் செய்தல் ஆகியவற்றிலேயே இத்தொழிலின் அடக்கச் செலவும் இலாபமும் அமைந்துள்ளன.

ஆய்வுத் துறையில் அடித்தளம் உள்ளது. இராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் தட்டுத் திரவப் படிகங்களின் வேதியியல் தொடர்ந்து வளர்ந்து வந்துள்ளது. ஜாலஹள்ளியில் தோன்றிய மையம் இன்று நானோ, மென்பொருண்ம அறிவியல் மையமாக விரிவடைந்துள்ளது. பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையமும் இந்திய அறிவியல் கழகமும், திருவனந்தபுரத்தின் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் கரிமக் குறைக்கடத்திகளை ஆராய்கின்றன. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நெகிழ்வு மின்னணுவியலுக்கான தேசிய மையம், ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட அளவில் அச்சிட்டுச் சோதிக்கும் வசதியுடன் அமைந்துள்ளது.

கொள்கை அளவிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் குறைக்கடத்திகளையும் திரைகளையும் நாட்டிலேயே உற்பத்தி செய்வதை ஊக்குவிக்க 76,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திட்டம் ஒன்று ஏற்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், தனியார் துறையின் ஆய்வுக்கும் புத்தாக்கத்துக்கும் நீண்டகால நிதி வழங்க ஒரு இலட்சம் கோடி ரூபாய்த் தொகுநிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. இத்தேவை ஏன் எழுந்தது என்பதை ஒரு புள்ளிவிவரம் விளக்கும். 2020-21-ஆம் ஆண்டில் ஆய்வு வளர்ச்சிக்கான நாட்டின் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு மட்டுமே. அதிலும் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டியதே.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நிதியின் ஒரு பகுதி இடைநிலை உற்பத்திக்கென ஒதுக்கப்பட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு கிராம் கிடைப்பதற்கும் ஆலையில் நூறு கிலோ கிடைப்பதற்கும் இடையே ஒரு கிலோவைப் பலமுறை ஒரே தரத்தில் செய்து காட்டும் கட்டம் ஒன்று உண்டு. ஆய்வு நிதியும் வங்கிக் கடனும் எட்டாத கட்டம் அதுவே. இரண்டாவதாக, தர அளவீட்டுக்குப் பொதுச் சோதனைக்கூடங்கள் வேண்டும். நிறமித் தொழிலிலுள்ள சிறு, நடுத்தர நிறுவனங்கள் தனித்தனியே இக்கருவிகளை வாங்க இயலாது. மூன்றாவதாக, அரசுத் துறைகள் தம் கொள்முதலை ஒரு கருவியாகக் கையாள வேண்டும். மருத்துவ உணரிகளுக்கோ பொருள்களின் அடையாள வில்லைகளுக்கோ நிச்சயமான தொடக்கச் சந்தை இருப்பின் முதலீடு தானே வரும். ஹல் நகர நிகழ்ச்சியில் அரசு முதல் கேள்வியையும் கேட்டது, முதற்பயனையும் நாடியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நான்காவதாக, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குவதைத் தவிர்க்க வேண்டும். செல்பேசித் திரைகளில் முன்னணியில் உள்ள நாடுகளோடு உடனே போட்டியிடுவதினும், மூலப்பொருள், படலம், உணரி ஆகிய மூன்றில் தேர்ந்த சிலவற்றை மேற்கொள்வதே மூலதனத்துக்குத் தக்க வழியாகும். கரிமச் சேர்மங்களைத் தொகுப்பதில் நாட்டுக்குள்ள திறன் இம்மூன்றுக்கும் பொதுவான அடித்தளம்.

தக்க வடிவமும் தக்க வெப்பநிலையும் அமைந்தால் மூலக்கூறுகள் தாமே அணிவகுக்கும் என்பதை 1977-இல் பெங்களூரு ஆய்வுக்கூடம் தட்டுகளைக் கொண்டு காட்டியது. நிறுவனங்கள் அவ்வாறு தாமே அணிவகுப்பதில்லை. ஆய்வாளரையும் ஆலையையும் வாங்குவோரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது நிருவாகத்தின் கடமை. அக்கடமை உரிய காலத்தில் நிறைவேறுமாயின், இந்திய ஆய்வுக்கூடங்களில் பிறக்கும் அடுத்த மூலக்கூறு தன் முதல் ஆலையையும் இங்கேயே காணும்.